ஆறு அங்குலக் குழாய்

மூன்றாம் நாளும் தண்ணீர் வடியவில்லை.
சம்பாப் பயிர் தலை முங்கி
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கிறது.
ஐந்தாம் நாள் அழுகும்.

ஜேசிபிக்காரன் மணிக்கு ஆயிரத்து நானூறு கேட்டான்,
அதுவும் தீபாவளி கழித்து.
ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள்
போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.
மிச்சமிருந்தது என் மினி டிராக்டர்.
பதினெட்டு குதிரைச் சக்தி,
இருபத்தியொரு தவணை பாக்கி.

கச்சனம் சாலைக்கும் வயலுக்கும் நடுவே
வடிவாய்க்கால் என்று கணக்கில் இருக்கிற இடத்தில்
ஆகாயத்தாமரை, காட்டாமணக்கு.
மேலே ஒரு கோழி நடந்து போகிறது,
கால் நனையாமல்.

பழைய கல்டிவேட்டர் கொழுவை வளைத்து
கொக்கியாக வெல்டிங் வைத்து
சங்கிலியில் கட்டினேன்.
பக்கிரிசாமி இடுப்பளவு இறங்கி
கொக்கியைச் சேற்றுக்குள் மிதித்துக்கொண்டு
"போ" என்பார்.
கிளட்சை விட்டால் வண்டி போகாது,
எழுந்து நிற்கும்.
முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில்,
கும்பிடு போடுகிற மாதிரி.

அதற்கப்புறம்தான் உத்திராபதி பானெட்டில் ஏறி உட்கார்ந்தார்.
நூற்றுப் பத்து கிலோ.
"என் எடைக்கு இன்னைக்குத்தான்யா
ஒரு வேலை கெடச்சுது" என்று
வெற்றிலையை மடித்தார்.

வந்தது.
முதலில் கொடி, வேர் வேராக, நாறிக்கொண்டு.
யூரியா சாக்கு, அதற்குள் இன்னொரு யூரியா சாக்கு.
ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ்,
பெண்ணின் முகம் மட்டும் சேறு படாமல்.
அவளுக்கு இப்போது ரெண்டு பிள்ளை என்றாள் சம்மனசு.
குவார்ட்டர் பாட்டில்களை எண்ணவில்லை,
எண்ணினால் யார் யார் என்று தெரிந்துவிடும்.
கஜாவில் பறந்துபோனதாக
சம்மனசு மனு எழுதிக் கொடுத்த தகரம்
அவள் வீட்டுக்கு நேர் எதிரிலேயே கிடந்தது.
பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.
ஒரு கெளுத்தி தாரில் விழுந்து துள்ள
பையன்கள் சட்டையைக் கழற்றி அமுக்கினார்கள்.

இருநூறு அடி போவதற்குள் மத்தியானம்.
தண்ணீர் அசையவில்லை.
பக்கிரிசாமி ஒரு வைக்கோலைக் கிள்ளிப் போட்டார்.
அது போட்ட இடத்திலேயே
ஒரு சுற்று சுற்றி நின்றது.
"அடைப்பு கீழ்க்கே இருக்கு" என்றார்.

கீழ்க்கே என்றால்
என் வீட்டு வாசல்.

போன வருஷம் வண்டி எடுத்தபோது
உள்ளே ஏற்ற வழியில்லாமல்
வாய்க்காலின் குறுக்கே நான் போட்ட சிமெண்டுப் பாலம்.
அடியில் ஆறு அங்குலக் குழாய்.
அடுத்த சைஸ் எண்ணூறு ரூபாய் கூட.
கொத்தனார் அப்போதே ஒரு தரம் கேட்டார்,
"போதுமாண்ணே?"
நான் பம்பருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அதுதான் தாங்கவில்லை.
உத்திராபதி வெற்றிலை துப்புகிற சாக்கில்
இறங்கி அந்தப் பக்கம் போனார்.
இன்ஜின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நானே இறங்கினேன்.
குழாய்க்குள் கையை விட்டால் முழங்கை வரை போயிற்று.
அதற்கு மேல் எதுவோ
என் விரலை மெல்லத் தள்ளியது.
கொக்கியைப் பாலத்தின் உதட்டில் மாட்டினேன்.
திரும்பினால் உத்திராபதி
கேட்காமலே பானெட்டில்.

மூன்று இழுப்பு.
நாலாவதில் பதினோராயிரம் ரூபாய்
நடுவில் பிளந்து வாய் திறந்தது.
முதலில் வயிறு இரைகிற சத்தம்.
பிறகு கறுப்பாக,
பிறகு பழுப்பாக, நுரையோடு.
அந்த வைக்கோல் எங்களைத் தாண்டி
அடப்பாற்றுப் பக்கம் போனது.
அதேதானா என்று கேட்காதீர்கள்.

ராத்திரி மறுபடி தூறல்.
வண்டி அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்,
நடுவில் நாலடி அகலத்துக்குத் தண்ணீர்.
தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப்
பலகை மேல் தடுமாறி வந்தேன்.
ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள்
பாலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"வண்டிய எப்படி உள்ள கொண்டாருவ?" என்றாள்.

விடிந்து பார்த்தால்
பயிர் நுனி விரலளவு தெரிந்தது.
காற்றில் தார்ப்பாய் விலகி
ஸ்டியரிங் மேல் ஒரு மடையான்,
ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி.
ரெண்டடிக் குழாய் என்ன விலை என்று
விசாரிக்க வேண்டும்.